வெள்ள மட்டம் எழுதாத வரைபடம்

சிங்கப்பூர் வேலையில் நான் யோக்கியன். சொந்த ஊர் வேலையில் அப்படி இல்லை. இதைச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் எழுத உட்கார்ந்தேன்.

கமிஷன் வாங்கினேன், கம்பியைக் குறைத்தேன், சிமெண்டில் கைவைத்தேன் என்கிற மாதிரிக் குற்றம் எதுவும் இல்லை. அதையெல்லாம் செய்ய ஆர்க்கிடெக்ட் தேவையில்லை. எனக்குத் தெரிந்திருந்த ஒன்றை, அவசியம் தெரிந்திருக்க வேண்டியவரிடம் சொல்லாமல் விட்டேன். "இந்த இடத்தில் தண்ணீர் ஏறும்" என்கிற நாலு சொல், அவ்வளவுதான். சொல்லியிருந்தால் ஒரு வேலை கைவிட்டுப் போயிருக்கும். போய்விடக் கூடாது என்று நினைத்தேன், போகவில்லை. வீடு கட்டி முடித்தோம், போட்டோ எடுத்தோம், நாலு பேர் பாராட்டினார்கள். 2023 டிசம்பரில் தண்ணீரும் வந்தது.

என் ஆபீஸ் பாளையங்கோட்டையில் ஒரு மாடியில் இருக்கிறது. படிப்பு முடிந்ததும் சிங்கப்பூரில் ஒரு நிறுவனத்தில் சில ஆண்டுகள் வரைந்தேன். வீட்டு நிலைமை காரணமாக ஊர் திரும்பியபோது, அங்கே பழகியவர்கள் வேலையை இங்கேயே அனுப்ப ஆரம்பித்தார்கள். பிறகு துபாயிலிருந்தும் வந்தது. சிங்கப்பூர் நமக்கு இரண்டரை மணி நேரம் முந்தி விடிகிற ஊர். துபாய் ஒன்றரை மணி நேரம் பிந்தி. காலை ஆறரைக்கு, வீட்டில் இன்னும் காபி கலக்காத நேரத்தில், சிங்கப்பூரிலிருந்து முதல் மெயில் விழும். சாயங்காலம் ஆறரைக்குத்தான் துபாய்க்காரர்கள் கம்ப்யூட்டரை மூடுவார்கள். இந்த இரண்டுக்கும் நடுவில் கிடைக்கிற பகலில்தான் நம் ஊர் வேலை. அம்பாசமுத்திரத்தில் ஒரு கல்யாண மண்டபம், தூத்துக்குடியில் ஒரு கிளினிக், மேலப்பாளையம் பக்கம் ஒரு கடை, சுற்றுவட்டாரத்தில் வளைகுடாப் பணத்தில் எழும்புகிற வீடுகள்.

வெளிநாட்டு வேலையில் என் பெயர் எங்கும் இருக்காது. கையெழுத்துப் போடுகிறவர் அந்த நாட்டில் பதிவுபெற்ற ஆர்க்கிடெக்ட். நாங்கள் கட்டுமான வரைபடங்களைத் தயாரித்துக் கொடுப்போம். மாடிப்படியின் ஒவ்வொரு படியும், குளியலறையின் ஒவ்வொரு ஓடும், கதவுப் பட்டியலும் எங்கள் கையில். தப்பு இருந்தால், அந்த இடத்தைச் சுற்றிச் சிவப்பில் மேகம் போட்டுத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். ஒரே படத்தில் மேகம் அதிகமானால் அடுத்த வேலை வராது. அதனால் எங்கள் பையன்கள் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பார்கள். நானும் பார்ப்பேன்.

அங்கே தண்ணீர் விஷயத்தில் விளையாட முடியாது. எந்த மனையிலும் தரைத்தளம் எந்த மட்டத்துக்குக் கீழே இருக்கக் கூடாது என்பதைத் தேசியத் தண்ணீர் அமைப்பான பி.யு.பி. விதித்திருக்கிறது. தள மட்டம், அண்டையிலுள்ள சாலை மட்டம், வடிகால் எல்லாவற்றையும் கணக்குக் காட்டி வடிகால் அனுமதி வாங்காமல் வானம் தோண்ட முடியாது. 2010 ஜூன் 16 அன்று அந்த ஊரின் பகட்டான கடைவீதி ஆர்ச்சர்ட் ரோட்டிலேயே வெள்ளம் புகுந்தது. அதன்பிறகு பிடி இன்னும் இறுகியது. ஒருமுறை எங்கள் படத்தில் இரண்டு தாள்களுக்கு நடுவே தள மட்டம் 15 சென்டிமீட்டர் வித்தியாசப்பட்டது. எது சரி என்று கேட்டு நான் எழுதிய மெயிலுக்குப் பதில் வரவில்லை. மறுபடி எழுதினேன். அப்புறமும் வராததால் போன் போட்டேன். "இவ்வளவு கவனமாக இருக்கிறாயே" என்று அந்தப் பக்கத்திலிருந்து பாராட்டினார்கள். அன்று முழுவதும் எனக்கு மனசு குளுகுளு என்று இருந்தது.

அந்த வாரத்தில்தான் வளைகுடாவில் வேலை பார்க்கிற ஒருவருக்காக வீட்டு மனை பார்க்கப் போனேன்.

மனை, பாளையங்கால்வாய்ப் பாசனத்தில் இருந்த பழைய நஞ்சை. பழவூர் அணைக்கட்டில் பிரிந்து வருகிற கால்வாய் அது. தாமிரபரணியில் கோடைமேலழகியான் தொடங்கி ஸ்ரீவைகுண்டம் வரைக்கும் எட்டு அணைக்கட்டுகள். எல்லாவற்றுக்கும் சூத்திரம் ஒன்றுதான். ஆற்றை மேலே மறித்துத் தண்ணீரைக் கால்வாயில் திருப்புவார்கள். கால்வாய் சரிவை விட்டு இறங்காமல் மேட்டோரமாகவே போகும். கால்வாய்க்கும் ஆற்றுக்கும் நடுவே சரிந்து கிடக்கிற நிலம் முழுக்க வயல். மடையைத் திறந்தால் தண்ணீர் தானாக வயலுக்கு இறங்கும். மிச்சம் வடிகாலில் ஓடி ஆற்றில் விழும். பம்பு கிடையாது, மின்சாரம் கிடையாது; எல்லாம் சாய்மானம்தான். ஆக, கால்வாயில் பாய்கிற நிலம் என்றாலே அது கால்வாயைவிடத் தாழ்ந்த நிலம். ஆறு பெருகி வடிகாலின் வாயை அடைத்துவிட்டால் அந்தத் தண்ணீர் திரும்பி வயலில் நிற்கும். இதைத் தெரிந்துகொள்ளக் கல்லூரிக்குப் போக வேண்டாம். இந்த ஊரில் பிறந்திருந்தால் போதும். நான் இரண்டும் செய்தவன்.

காகிதமெல்லாம் சுத்தமாக இருந்தது. நஞ்சையை மனையாக மாற்றிய உத்தரவு, மனைப்பிரிவு அனுமதி, பட்டா எல்லாம் இருந்தன. புலப்படத்தில் மனைக்குப் பின்புறம் ஒரு ஓடைக் கோடு போனது. நேரில் அந்த இடத்தில் ஓடை இல்லை. சரள் கொட்டி மேவியிருந்தார்கள். மனைப்பிரிவு போட்டவர்கள் வயலை இரண்டரை அடி உயர்த்தி, அந்த உயரத்திலேயே தார் ரோடும் போட்டிருந்தார்கள். பார்க்கத் திருத்தமாக இருந்தது. கோடு போன இடத்தை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டுத் தாளை மடித்து வைத்தேன்.

பக்கத்து வயலில் இன்னும் நடவு நடந்துகொண்டிருந்தது. வரப்பில் மண்வெட்டியோடு நின்ற பெரியவர் அந்தப் பக்கத்தில் நெடுநாள் நீர் பாய்ச்சியவர். நாங்கள் டேப் பிடிப்பதைப் பார்த்துக்கொண்டே வந்தார்.

"வீடா கெட்டுதிய?"

"ஆமா அண்ணாச்சி."

"தொண்ணூத்திரெண்டுல இங்கன இம்புட்டுத் தண்ணி கெடந்துச்சு, பாத்துக்கிடுங்க." வயலுக்குள் இறங்கி நின்று தன் நெஞ்சில் கையை வைத்துக் காட்டினார். "சீக்கிரத்துல வடியவும் இல்ல."

சிரித்தேன். "இப்பதான் மேடாக்கியாச்சே அண்ணாச்சி" என்றேன். அவர் மேலே எதுவும் சொல்லவில்லை.

காரில் திரும்பும்போது மனசுக்குள் கணக்குப் போட்டேன். அதைத்தான் இங்கே முக்கியமாகச் சொல்ல வேண்டும். நெஞ்சளவு என்றால் வயலிலிருந்து நாலடி. நிரப்பியது இரண்டரை அடி. அப்படியானால் 1992 நவம்பர் வெள்ளம் மறுபடி வந்தால், இன்றைய ரோட்டுக்கு மேல் ஒன்றரை அடி நிற்கும். நான் மனதில் வைத்திருந்த பேஸ்மட்டம் ரோட்டிலிருந்து இரண்டடி. அரையடியில் தப்பித்துவிடும். ஆனால் நான் மனதில் வைத்திருந்தது பேஸ்மட்டத்தை மட்டுமில்லை. ஹாலை மூன்று படி இறக்கி வைப்பதாகவும் இருந்தேன்.

இந்த இறக்கின ஹால் என் செல்லப் பிள்ளை. பாலித் தீவு வில்லாக்களின் படங்களில் பார்த்தது. சிங்கப்பூரில் ஒரு வீட்டுக்கு நானே வரைந்தது. வாசலில் நுழைந்ததும் உட்காரும் இடம் மட்டும் தரையிலிருந்து இறங்கி, சுற்றிப் படிகளே இருக்கைகளாக, மேலே இரட்டை உயரத்தில் கூரை, ஓரத்திலிருந்து மாடிப்படி ஒரு சிற்பமாக எழும்பும். எங்கள் ஊர்ப் பழைய வீடுகளில் தார்சா, பட்டாசல், மானவெளி, அடுக்களை என்று வரிசையாக ஒரே ஓட்டமாகப் போகும். நடுவில் இறங்குகிற ஒரே இடம் மானவெளி. அது மழைத் தண்ணீருக்கான பள்ளம். தண்ணீர் வெளியேற அதற்கு ஒரு தூம்பும் உண்டு. மானவெளியின் பள்ளத்தை எடுத்து, தூம்பை விட்டுவிட்டு, அதில் சோபாவைப் போட்டவன் நான்.

மூன்று படி என்றால் ஒன்றரை அடி. ரோட்டுக்கு மேல் மிஞ்சுவது அரையடி. 1992 தண்ணீர் வந்தாலே ஹாலில் ஓரடி நிற்கும். விடை இதுதான். அன்று காரிலேயே எனக்கு இது தெரியும்.

ஏன் சொல்லவில்லை? வீட்டுக்காரர் அந்த மனையை என்னிடம் கேட்டு வாங்கவில்லை. ஊரில் இருந்த மாமனார் பார்த்து முடித்தது. கடன் வேறு வாங்கியிருந்தார். "சார், இங்கே கட்டாதீங்க" என்று சொன்னால் அவருக்குக் கஷ்டம், எனக்கு வேலை இல்லை. "தரைத்தளத்தை வண்டி நிறுத்தத் தூணில் விட்டுவிட்டு வீட்டை மாடியில் கட்டலாம்" என்றாவது சொல்லியிருக்கலாம். ஆனால் வயதான அம்மா மாடியேற மாட்டாள், செலவும் கூடும், அவர் வேறு ஆளைப் பார்த்துவிடுவார். ஹாலையாவது இறக்காமல் விட்டிருக்கலாம். அதற்கு எந்தச் செலவும் இல்லை, யாரும் கோபப்பட மாட்டார்கள். அதையும் செய்யவில்லை, ஏனென்றால் அந்த ஹால் இல்லாவிட்டால் அது எல்லாரும் கட்டுகிற வீடு. போட்டோவுக்கு ஒன்றும் இருக்காது. மற்ற இரண்டுக்கும் பிழைப்பைக் காரணம் சொல்லலாம். மூன்றாவதுக்குக் காரணம் என் ஆசை மட்டும்தான்.

மட்ட சர்வே எடுக்கவும் இல்லை. சிங்கப்பூருக்குச் சென்டிமீட்டர் கணக்குப் பார்த்தவன் இங்கே ரோட்டில் டியூப் லெவலை வைத்து மேஸ்திரிக்கு இரண்டடி காட்டிவிட்டு வந்தேன். நம் ரயில் நிலையங்களின் மஞ்சள் பெயர்ப்பலகையில், ஊர்ப்பெயருக்கு அடியில், கடல் மட்டத்திலிருந்து எவ்வளவு உயரம் என்று எழுதியிருப்பார்கள். திருநெல்வேலி ஜங்ஷனில் ரயிலேறும் ஒவ்வொரு முறையும் அந்த எண் கண்ணில் படும். நான் கட்டிய எந்த வீட்டுத் தரையையும் அந்த மாதிரி ஒரு எண்ணோடு ஒப்பிட்டுப் பார்த்ததில்லை. கையெழுத்துப் போட்ட வரைபடத்தில் "எப்.எப்.எல். பிளஸ் இரண்டடி" என்று, அதாவது முடிந்த தரை மட்டம் இரண்டடி மேலே என்று மட்டும் இருந்தது. எதிலிருந்து இரண்டடி என்பதற்கு, அன்றைக்கு இருந்த தார் ரோடு என்பதே பதில்.

இந்த ஊரில் தண்ணீரைப் பற்றி யாரும் எழுதி வைக்கவில்லை என்று சொல்ல முடியாது. கல்லில் கட்டியே வைத்திருக்கிறார்கள். குறுக்குத்துறை முருகன் கோயில் ஆற்றுக்குள்ளேயே இருக்கிறது. நீர் வருகிற திசையில் அதன் மதிலைப் படகின் முகப்பாகக் கூராக்கி, வெள்ளம் அதில் மோதி இரண்டாகப் பிரியும்படி கட்டியிருக்கிறார்கள். ஆறு பெருகினால் உற்சவரைக் கரையிலுள்ள மேலக்கோயிலுக்குக் கொண்டுபோவார்கள். மூலவர் பாறையில் செதுக்கப்பட்டவர், அவர் அங்கேயே இருப்பார். கோயில் முங்கும், தண்ணீர் வடியும், கழுவிவிட்டுப் பூசை தொடங்கும். முங்கும் என்று தெரிந்தே கட்டிய கட்டடம் அது. எதை எடுத்துக்கொண்டு ஓட வேண்டும், எங்கே ஓட வேண்டும், எது தாங்கும் என்பதையெல்லாம் முதலிலேயே யோசித்துவிட்டார்கள்.

ஆற்றின் கீழ்ப்பக்கம் போனால் ஆதிச்சநல்லூர். 114 ஏக்கர் தாழிக்காடு. அது விளையாத சரள் மேடு. ஆற்றங்கரையின் வளமான நஞ்சையை விட்டுவிட்டு, இறந்தவர்களை மேட்டில் கொண்டுபோய் வைத்தார்கள். ஆற்றோரத்துப் பழைய ஊர்கள் பலவற்றைப் பாருங்கள். தெரு மேட்டில், வயல் பள்ளத்தில். செத்தவர்களுக்கு மேடு, இருப்பவர்களுக்கு மேடு, நெல்லுக்குப் பள்ளம். இதில் தலைகீழாக மனிதர்களைப் பள்ளத்தில் குடிவைக்கும் வேலையை எங்கள் தலைமுறைதான் சதுர அடிக் கணக்கில் செய்கிறது. என்னைப்போன்றவர்கள் அதற்கு அழகான முகப்பு வரைகிறோம்.

கல்லூரியில் நாங்கள் கும்பிட்டவர்களில் ஒருவர் ஜெப்ரி பாவா. கொழும்பில் இருந்துகொண்டு இந்தியாவிலும் பாலியிலும் வேலை செய்தவர். மதுரை கிளப் அவருடையது. 1990-களின் தொடக்கத்தில் சிகிரியாக் குன்றுக்குப் பக்கத்தில் ஒரு ஹோட்டல் கட்டித் தரச் சொல்லி வந்தார்கள். இடத்தைப் பார்த்துவிட்டு அங்கே வேண்டாம் என்று சொல்லி, கண்டலம ஏரிக்கரைப் பாறைச் சரிவைக் காட்டி, அங்கேதான் கட்டவும் செய்தார். மலையிலிருந்து இறங்கும் மழைநீர் கட்டடத்துக்கு அடியில் ஏரிக்குப் போகும்படி தூண்களில் நிறுத்தினார். அந்தக் கட்டடத்தின் படங்களை நான் சுவரில் ஒட்டி வைத்திருந்தேன். கொடிகள் படர்ந்த முகப்பை மட்டும் பார்த்தேன். வந்த வாடிக்கையாளரிடம் "இந்த இடம் வேண்டாம்" என்று சொன்ன மனுஷனைப் பார்க்கவில்லை.

2023 டிசம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை. மழை விடவே இல்லை. 18-ஆம் தேதி காலை எட்டரை மணியோடு முடிந்த இருபத்துநாலு மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் 95 சென்டிமீட்டர், திருச்செந்தூரில் 69. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய ரயில் ஏறத்தாழ 800 பயணிகளோடு ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுவிட்டது. அணைகளிலிருந்து வந்ததும் வழியில் சேர்ந்ததும் ஒன்றாகி ஆறு கரைபுரண்டது. ஜங்ஷன் பஸ் ஸ்டாண்டு, மீனாட்சிபுரம், கைலாசபுரம் எல்லாம் தண்ணீர். கொக்கிரகுளத்துக் கலெக்டர் ஆபீஸ் வளாகமும் தப்பவில்லை.

நான் கட்டிய வீட்டில் அன்றிரவு இருந்தவர்கள் வீட்டுக்காரரின் அம்மா, மனைவி, இரண்டு பிள்ளைகள். பின்பக்கத்து வடிகால் முதலில் நிரம்பியது. கழிப்பறை வழியாகத் தண்ணீர் மேலே வந்தது. ஹாலின் பள்ளத்தில் அது சேரத் தொடங்கியபோது கரண்ட் போயிருந்தது. இன்வெர்ட்டரையும் நான் படிக்கு அடியில், ஹால் மட்டத்தில்தான் வைத்திருந்தேன். மாடிக்குப் போக வேண்டும். மாடிப்படி எங்கே தொடங்குகிறது? அந்தப் பள்ளத்திலிருந்து. படுக்கையறையில் முழங்கால் தண்ணீரில் நின்ற அந்த அம்மாள், மேலே ஏறித் தப்பிப்பதற்காக, இருட்டில் மூன்று படி கீழே இறங்கி, இடுப்பளவுத் தண்ணீரைக் கடந்து, படியைத் தேடிப் பிடிக்க வேண்டியிருந்தது. மருமகள் ஒரு பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு இன்னொன்றின் கையைப் பிடித்திருந்தாள். நாலு பேரும் மேலே போய்விட்டார்கள். போய்விட்டார்கள் என்பதற்கு என் வடிவமைப்பு எந்த விதத்திலும் காரணமில்லை.

தண்ணீர் வடிந்தபின் போனேன். ஹால் சுவரில் நெஞ்சளவுக்குச் சேற்றுக்கோடு. மற்ற அறைகளில் தொடையளவு. பள்ளத்தில் மட்டும் தண்ணீர் வடிய வழியில்லாமல் அப்படியே நின்றது. அதில் சோபா மெத்தைகள், கல்யாணத்துக்கு வந்த பத்தமடைப் பாய் ஊறிப் பருத்து, சம்ப் மூடி எங்கிருந்தோ மிதந்து வந்து. பக்கெட்டில் மொண்டு மொண்டு வாசலில் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். அந்த அம்மாள் என்னைத் திட்டவில்லை. ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"ஹாலை எதுக்குய்யா பள்ளத்துல கொண்டு வச்சிய?"

நான் சொன்ன பதில் என் இரண்டாவது குற்றம். "இந்த மழை நூறு வருஷத்துல இல்லாத மழைம்மா. காயல்பட்டினத்துல தொண்ணூத்தஞ்சு சென்டிமீட்டர்" என்றேன். வீடியோ காலில் வளைகுடாவிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த மகனிடமும் அதையே சொன்னேன். அந்த எண் எங்கும் பேசப்பட்ட எண்; யாரும் மறுக்க முடியாது. ஆனால் காயல்பட்டினம் கடற்கரையில், இந்த வீட்டிலிருந்து வெகு தூரத்தில் இருக்கிறது. அங்கே பெய்தது இந்த ஹாலுக்குள் வரவில்லை. இந்த ஹாலுக்குள் வந்தது மேலேயிருந்து இறங்கிய ஆறும், வழி அடைபட்ட வடிகாலும், மேவிய ஓடையும். 2023 வெள்ளம் 1992-ஐவிடப் பெரிது என்றே வைத்துக்கொள்வோம். படுக்கையறைகளுக்கு அந்தச் சமாதானம் செல்லும். ஹாலுக்குச் செல்லாது. அது 1992 தண்ணீருக்கே முங்கும் ஹால். அந்தக் கணக்கு என்னிடம் முன்பே இருந்தது. உண்மையான ஒரு எண்ணை எடுத்து ஒரு பொய்க்குக் கதவாகப் போட்டேன்.

அதோடு நிற்கவில்லை. பள்ளத்தை நிரப்பி, வயரிங்கை உயர்த்தி, படியைத் திருப்பி வைக்க வரைபடம் போட்டுக் கொடுத்தேன். அதற்குக் காசும் வாங்கினேன்.

வெள்ளம் வந்து நாலு மாதத்தில், 2024 ஏப்ரல் 16-ல் அமீரகத்திலும் மழை கொட்டியது. அல் ஐன் பக்கம் ஓரிடத்தில் ஒரு நாளுக்குள் 254 மில்லிமீட்டர். 1949-ல் பதிவு தொடங்கியதிலிருந்து அங்கே அப்படிப் பெய்ததில்லை என்றார்கள். துபாய் சாலைகளில் கார்கள் மிதக்கிற வீடியோக்களை எங்கள் ஆபீஸ் பையன்கள் காட்டினார்கள். "பாருங்க சார், துபாயே முங்குது" என்றான் ஒருவன். எனக்கு ஆறுதலாக இருந்தது. அந்த ஆறுதலைக் கவனித்தபோதுதான் எனக்கு என்னைப் பிடிக்காமல் போனது. யார் வீடு முங்கினாலும் அதை என் பக்கத்துச் சாட்சியாகச் சேர்த்துக்கொள்கிற நிலைக்கு வந்திருந்தேன்.

தொழில் நண்பர்களிடம் சொன்னபோது அவர்கள் எனக்கு வக்கீலாக மாறினார்கள். மனைப்பிரிவுக்கு அனுமதி கொடுத்தது நீயா, ஓடையை மேவியது நீயா, வீட்டுக்காரன் கேட்டிருப்பானா, நீ விட்டால் இன்னொருத்தன் வரைவான் என்றார்கள். எல்லாம் சரி. ஆனால் என்னிடம் வருகிறவர் எனக்குக் காசு கொடுப்பது அந்த அனுமதிகளுக்கு அப்பால் ஒரு கண் பார்க்கும் என்பதற்காகத்தான். வரைபடம் போட என்ஜினியர் போதும். வீட்டு வரைபடம் போட ஆர்க்கிடெக்ட்தான் வேண்டும் என்று நம் சட்டத்தில் இல்லை. 1972 சட்டம் அந்தப் பட்டத்தைத்தான் காக்கிறது, அந்த வேலையை இல்லை என்று உச்ச நீதிமன்றமே 2020-ல் சொல்லிவிட்டது. அப்படியிருந்தும் ஒருவர் கூடுதலாகக் கொடுத்து என்னிடம் வந்தார் என்றால், அந்தக் கூடுதல் எதற்கு?

ரொம்ப நாள், விதிகள்தான் வித்தியாசம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அங்கே விதி உண்டு, இங்கே இல்லை. அதனால் அங்கே ஒழுங்கு, இங்கே இப்படி. யோசித்துப் பார்த்தால் அது பாதிதான். நம்மிடமும் விதிப் புத்தகம் இருக்கிறது. உண்மையான வித்தியாசம், அங்கே என்னை யாரும் நம்பவில்லை என்பது. நான் எழுதும் ஒவ்வொரு மட்டத்தையும் சந்தேகப்பட்டு இன்னொருவர் பார்ப்பார். இங்கே என்னை எல்லாரும் நம்பினார்கள். "சார் பாத்துக்கிடுவாரு" என்று சாவியைக் கொடுத்துவிட்டு விமானம் ஏறினார் அந்த மனிதர். சந்தேகப்பட்டவர்களுக்கு உண்மையாகவும் நம்பியவருக்குத் துரோகமாகவும் இருந்திருக்கிறேன். இதை எந்தச் சட்டத்தாலும் சரிசெய்ய முடியாது.

அடுத்த விடுமுறைக்கு அவர் ஊர் வந்தபோது ஆபீஸுக்கு வரச் சொன்னேன். பெரியவர் சொன்னதையும், காரில் போட்ட கணக்கையும், ஹாலைப் பற்றித் தெரிந்தே சொல்லாததையும் சொன்னேன். ஒரு தாளில் வரைந்தும் காட்டினேன்: வயல், நிரப்பு, ரோடு, தரை, 1992. அவர் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்:

"அப்பமே சொல்லியிருந்தா நான் வேற இன்ஜினியரத்தான் பாத்திருப்பேன் சார்."

கோபத்தில் சொல்லவில்லை, நடந்திருக்கக்கூடியதைச் சொன்னார். அவர் என்னை மன்னித்தாரா, குற்றத்தை உறுதிசெய்தாரா என்பது எனக்கு அன்று புரியவில்லை. இப்போது இரண்டும்தான் என்று தோன்றுகிறது. நான் பயந்தது வீண் பயமில்லை. உண்மையைச் சொன்னால் வேலை போயிருக்கும். போகட்டும் என்று விடுகிற இடத்தில்தான் இந்தத் தொழிலே தொடங்குகிறது. நான் அந்த இடத்துக்கு முன்னாலேயே நின்றுவிட்டேன். சீரமைப்புக்கு வாங்கிய காசைத் திருப்பிக் கொடுத்தேன், வாங்கிக்கொண்டார். வீட்டுக்கு வாங்கிய காசைக் கொடுக்கவில்லை. அவர் கேட்கவுமில்லை.

இப்போது எங்கள் ஆபீஸில் ஊர் வேலையின் முதல் தாளில் வெள்ள மட்டம் என்று ஒரு வரி இருக்கிறது. டோட்டல் ஸ்டேஷன் என்கிற அளவைக் கருவி வைத்து மட்டம் எடுக்காமல் எந்த மனைக்கும் பென்சில் தொடுவதில்லை. அக்கம்பக்கத்தில் வயதானவர்கள் யார் இருந்தாலும் கேட்டு, 1992-லும் 2023-லும் எதுவரை வந்தது என்று சுவரிலோ மரத்திலோ காட்டச் சொல்லி, அதையும் படத்தில் குறிக்கிறோம். அந்த வரியைப் பார்த்துவிட்டு எழுந்து போனவர்கள் உண்டு. "சார் ரொம்பப் பயமுறுத்துதாரு" என்று வெளியே சொல்வதாகவும் கேள்வி. இதைத் திருந்திவிட்டதற்குச் சான்றாகச் சொல்லவில்லை. இந்த வரியை எழுத ஒரு மூதாட்டி இருட்டில் இடுப்புத் தண்ணீரில் இறங்க வேண்டியிருந்தது. அது எனக்குப் பெருமையில்லை.

இன்னும் பாக்கி இருக்கிறது. அந்த ஒரு வீட்டை மட்டும் நான் கட்டவில்லை. அதே மாதிரி வாய்க்கால் பாசனத்தில், மேவிய வயல்களில், ரோட்டிலிருந்து இரண்டடி என்று கையெழுத்துப் போட்ட வீடுகள் வேறும் இருக்கின்றன. பல வீடுகளுக்கு அந்த டிசம்பரில் தண்ணீர் வரவில்லை, அல்லது படி வரை வந்துவிட்டுப் போய்விட்டது. அவர்கள் தப்பித்துவிட்டதாக நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் மட்டத்தைக் கணக்கிட்டு, எந்த அறை எந்த அளவில் முங்கும், மின்பெட்டியை எவ்வளவு உயர்த்த வேண்டும், இரவில் தண்ணீர் வந்தால் எந்த வழியாக மேலே போக வேண்டும் என்று கடிதம் எழுதினேன். எல்லாம் எழுதியாகிவிட்டது. சிலவற்றை அனுப்பினேன், சில வீட்டுக்காரர்கள் நன்றி சொன்னார்கள், ஒருவர் சண்டைக்கு வந்தார்.

சிலவற்றை இன்னும் அனுப்பவில்லை. ஏன் என்று பட்டியலை எடுத்துப் பார்த்தேன். அனுப்பாதவை எல்லாம், கடைசித் தவணைப் பணம் எனக்கு வர வேண்டியிருக்கிற வீடுகள்.